அரிசி டிரம்மும் போர்க்கப்பலும்

ஏழு கடல்களில் எந்தக் கடலில் மிதந்துகொண்டிருந்தாலும் காலையில் சூடான இட்லி கிடைக்காத என் மகனுக்கு, கோயம்புத்தூர் கணபதி வட்டாரத்தின் முடிசூடா மன்னனும் அரை குதிரைச் சக்தி மோட்டார் பம்புகளின் சக்கரவர்த்தியுமான உன் சித்தப்பன் எழுதிக்கொள்வது.

சிங்கப்பூர் தபால்தலை ஒட்டிய உன் கடிதம் வந்து சேர்ந்தது. தை பிறந்ததும் உனக்குக் கல்யாணம். இந்த நூற்றாண்டு முடிந்து அடுத்தது பிறக்கிற கையோடு, நம் வீட்டுக்குத் தாராபுரத்திலிருந்து ஒரு மருமகள் வருகிறாள். அதிலெல்லாம் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கடிதத்தின் கடைசியில் இரண்டு வரி எழுதியிருக்கிறாய் பார், அந்த இரண்டும் சேர்ந்து என்னைத் தூங்கவிடாமல் செய்கின்றன. முதல் வரி: "முகூர்த்தத்தன்னிக்கு அப்பா எடத்துல நீங்கதான் நிக்கோணும் சித்தப்பா." அதை நான் முப்பதாயிரம் தடவை படித்தேன். கடிதத்தின் மை தேய்ந்துவிட்டது. ஒர்க்ஷாப்பில் லேத்துக்கு லேத்து எடுத்துப்போய்க் காட்டினேன். வார்ப்புப் பட்டறையில் உலையைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி உரக்கப் படித்தேன். இரண்டாவது வரி: என் வேலை ஆர்டரை அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டு மறந்துபோன சித்தப்பாவின் கதையைப் பொண்ணுக்குச் சொன்னேன், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், பந்தியிலும் எல்லாருக்கும் சொல்லப்போகிறேன் என்று.

கண்ணு, அந்தக் கதையில் ஒரு சிறிய திருத்தம் இருக்கிறது. நான் மறக்கவில்லை. ஒளித்து வைத்தேன்.

இனிக் கீழே எழுதுவதை நீ உட்கார்ந்து படி. கப்பலில் நாற்காலி இல்லாவிட்டால் கயிற்றுச் சுருளின் மேலாவது உட்கார். படித்து முடித்துவிட்டு, உன் அப்பா இடத்தில் நிற்பதற்கு இந்த ஆள் லாயக்கா என்று நீயே முடிவு செய். நான் பொய்யே பேசாதவன் இல்லை. நான் அளந்துவிட்ட கதைகளை ரோட்டில் பரப்பினால் பொள்ளாச்சி வரைக்கும் தார் போட வேண்டியிருக்காது. ஆனால் அந்தப் பொய்களையெல்லாம் கேட்டவர்களுக்கு அவை பொய் என்று தெரியும். உனக்குச் சொன்ன இந்தப் பொய்யை நீ நம்பினாய்.

ரெஜிஸ்தர் தபால் வந்த அன்று நீ ஊரில் இல்லை. ஒரு தோட்டத்தில் பம்பு நின்றுவிட்டதென்று தாராபுரம் பக்கம் போயிருந்தாய். தபால்காரர் நம்மை அறிந்தவர் என்பதால் என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார். பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது, அது முதல் தப்பு. கப்பல் கம்பெனியில் பயிற்சி எஞ்சினீயராக உன்னை எடுத்திருக்கிறார்கள், இன்ன வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மெட்ராஸ் அலுவலகத்தில் வந்து சேர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலை இருக்கிறதே, எனக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த நாலு லேத்தும் நின்றுபோன மாதிரி இருந்தது. பிறகு பார்த்தால் உண்மையிலேயே நின்றிருந்தன, கரண்ட் போயிருந்தது.

அன்று சாயங்காலம் நீ வந்ததும் கேட்டருகில் பக்கத்து வீட்டுக்காரரிடம், "ஏனுங்க, இன்னிக்கித் தபால்காரர் வந்தாருங்களா?" என்று விசாரித்ததை ஜன்னல் வழியாக நான் கேட்டேன். அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை நீ நன்றாகக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக மறுபடி எழுதுகிறேன். நீ ஏங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று கேட்பாய். உனக்கு ஏழு வயதில் என் அண்ணன், உன் அப்பா, நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. அவர் விட்டுப்போனது ஒரு ஒர்க்ஷாப், மரக்கைப்பிடி போட்ட ஒரு ஸ்குரூ டிரைவர், நீ. எனக்குக் கல்யாணம் ஆகாததற்குக் காரணம், என்னைப் பார்க்க வந்த பெண் வீட்டாரிடம் எல்லாம் நான் ஐந்து நிமிஷம் பேசிவிட்டதுதான் என்று ஊரே சொல்லும். அது உண்மை. ஆனால் அதற்காக நான் வருத்தப்படவில்லை, எனக்குத்தான் மகன் இருந்தானே. உன் அப்பா பழக்கம் ஒன்று உன்னிடம் அப்படியே வந்திருந்தது: ஓடுகிற மோட்டார் மேல் ஸ்குரூ டிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பது. டாக்டர் மாதிரி. எட்டு வயதில் அதை என் தொப்பையில் வைத்துக் கேட்டுவிட்டு, "சித்தப்பா, உங்களுக்குள்ள பேரிங் போயிருச்சுங்க" என்றாய். ஒர்க்ஷாப் முழுக்கச் சிரித்தது. நீ கடலுக்குப் போகிறேன் என்ற அன்றைக்குத்தான் நீ சொன்னது சரியென்று தெரிந்தது.

உன்னிடம் நான் அப்போது சொன்னது வேறு. "உன்ற அம்மா தாங்கமாட்டா கண்ணு, கடலுன்னாலே அவளுக்குப் பயம்" என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். அதுவும் பொய். உன் அம்மா, அண்ணன் மனைவி என்ற முறையில் என் நங்கை, ஒரு நாளும் அப்படிச் சொல்லவில்லை. தாங்கமாட்டாதவன் நான். என்னுடைய பயத்துக்கு உன் அம்மாவின் பேரை வைத்தேன். கல்யாணம் ஆகப்போகிறவன் நீ, அதனால் சொல்கிறேன்: உனக்கு ஒன்று வேண்டுமென்றால் உன் வாயாலேயே கேள். பெண்டாட்டி பேரைச் சொல்லிக் கேட்காதே. கேட்பவர்களுக்கு அது யார் குரல் என்று தெரிந்துவிடும்.

சரி, சதித்திட்டத்துக்கு வருகிறேன். வால்பாறை எஸ்டேட் ஒன்றில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த பழைய பஸ்ஸை வாங்கி வந்து, ஒர்க்ஷாப் கொட்டகையில் நிறுத்தி, உலகத்திலேயே யாரும் கட்டாத ஒரு வீட்டு வண்டியை நான் கட்டிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். இரண்டு கட்டில், மேலே ஒரு பரண், கேஸ் அடுப்பு, கழிப்பறை, தரையில் போல்ட் போட்டு முடுக்கிய வெட் கிரைண்டர், கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, அதற்கு நம்முடைய அரை குதிரைச் சக்தி பம்பு. அந்தப் பம்பின் வேகத்தில் ஷவரைத் திறந்தால் குளிக்கிறவன் பின்பக்கக் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்வான். சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பரிசோதிக்க வந்த அதிகாரி உள்ளே ஏறிப் பார்த்து, கிரைண்டரைத் தொட்டுப் பார்த்து, "இதுக்கு ரோட்டு வரி போடறதுங்களா, ஊட்டு வரி போடறதுங்களா?" என்று என்னிடமே கேட்டார். இரண்டு வருஷமாக நான் ஆணி அடித்துக்கொண்டிருந்த அந்த வண்டி, தபால் வந்த மறுநாளே திடீரென்று பயணத்துக்குத் தயாரானது எப்படி என்று நீ யோசிக்கவில்லை. நீ அப்போது வேறு எதையும் யோசிக்கிற நிலையில் இல்லை.

போகிற இடத்தையும் நான் கணக்குப்போட்டுத்தான் தேர்ந்தெடுத்தேன். மேற்குக் கரையில் ஒரு பெரிய துறைமுகத்தில், வேலை ஓய்ந்த போர்க்கப்பல் ஒன்றை மியூசியமாக்கி ஜனங்களைப் பார்க்க விடுகிறார்கள் என்ற பத்திரிகைச் செய்தியைக் கத்தரித்து உன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாய். (ஊர்ப் பேரையும் கப்பல் பேரையும் இங்கே எழுதமாட்டேன். நான் அங்கே செய்ததைக் கேள்விப்பட்டால் முப்படையும் கணபதிக்கு வந்துவிடும்.) கப்பலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் தீர்ந்த மாதிரி ஆகும். அதன் வயிற்றுக்குள் இறக்கி, இருட்டையும் புழுக்கத்தையும் காட்டினால் பையன் தானாகவே வெறுத்துவிடுவான். ஊர் திரும்புவதற்குள் வெள்ளிக்கிழமையும் தாண்டிவிடும். ஒரே கல்லில் மூன்று மாங்காய் அடித்த ராஜதந்திரி என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டேன். உன் ஆர்டரைப் பாலித்தீன் பையில் சுற்றி, பத்துக் கிலோ அரிசி கொட்டிய டிரம்முக்குள் ஒரு சாண் ஆழத்தில் புதைத்தேன். வீட்டில் வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்களாம்; வண்டியிலேயே இருந்தால் என் கண் பார்வையில் இருக்குமாம். இந்த மூளையை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பம்பு செய்து விற்றேன் என்பது ஆராய்ச்சி செய்ய வேண்டிய விஷயம்.

அந்தப் பயணத்தை நீ வேறு விதமாக ஞாபகம் வைத்திருப்பாய். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் வாழ்நாளைக் கழித்த வண்டி அது. மைசூர் தாண்டி நேர் ரோடு வந்ததும் குழம்பிப்போய், வளைவைத் தேடித் தானாகவே இடமும் வலமும் போய்ப் பார்த்தது. உன் அம்மா ஹாசன் தாண்டி ஆட்டிய மாவு ஹூப்ளியில் புளித்து, பெல்காமில் இட்லியானது. பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் லாரிக்காரர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு உன் அம்மாவுக்குக் கும்பிடு போட்டார்கள். ஏதோ சாமியாரம்மா யாத்திரை போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். இதெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு ஞாபகம் இருப்பது வேறு. நிறுத்திய ஊர்களில் எல்லாம் எஸ்.டி.டி. பூத்தைத் தேடிப்போய் ஒர்க்ஷாப்புக்குப் போன் போட்டு, தபால் ஏதாவது வந்ததா என்று கேட்டாய். நான் வெளியே நின்றுகொண்டு, கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எண்கள் ஓடுவதையும், நீ "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிவிட்டு ரிசீவரை வைப்பதையும் பார்த்தேன். ஒரு ஊரில் வெளியே வந்து, "அவங்களுக்கு நம்மள புடிக்கலீங்க போலிருக்குது சித்தப்பா" என்றாய். நான் உன் தோளில் கையைப் போட்டு, கம்பெனிக்காரனுக்குக் கண் தெரியவில்லை என்றால் நாம் என்ன செய்வது என்று ஆறுதல் சொன்னேன். அந்தக் கை உன் தோளில் இருந்த நேரம் முழுக்க, அதை வெட்டிப்போட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் கப்பலுக்குப் போனோம். நான் பெரிதாகப் பேசிப் பழகியவன். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதைவிடப் பத்து மடங்காகச் சொல்வதுதான் என் தொழில், பம்பு எல்லாம் உபதொழில். அந்தக் கப்பலுக்கு முன்னால் நின்றபோது முதல் முறையாக என்னிடம் சரக்குத் தீர்ந்துபோனது. எதைச் சொன்னாலும் அது சின்னதாகத்தான் இருந்தது. கரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் வானத்தில் பாதியைக் காணவில்லை. அந்தப் பாதி முழுக்கச் சாம்பல் நிற இரும்பு. ஏறும் பாலத்தில் கால் வைக்கும் முன் உன் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். காவலுக்கு நின்றவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் கேட்கவில்லை. நானும் கழற்றினேன். நீ எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு ஷூவின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தாய். மேல் தளத்து இரும்பு வெயிலில் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்ததால் நம் பக்தி பத்து அடிதான் நீடித்தது. எள் பொரிகிற மாதிரி மூன்று பேரும் துள்ளிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டோம். ஆனால் அந்தப் பத்து அடி நடந்தோமே, அது சரிதான் கண்ணு. அங்கே நடந்தவர்களையும் நடந்து திரும்பாதவர்களையும் நினைத்தால் அது சரிதான்.

கீழே கூட்டிப்போக ஒருவர் வந்தார், வெள்ளை மீசை வைத்த பாலக்காட்டுக்காரர். அதே கப்பலின் எஞ்சின் அறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர், நம் பக்கத்து ஆட்கள் என்றதும் தமிழிலேயே பேசினார். நீயும் அம்மாவும் பீரங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் அவரை ஓரமாக அழைத்து, பையனைக் கொஞ்சம் பயமுறுத்தி விடுங்கள், எல்லாக் கஷ்டத்தையும் ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்று காதைக் கடித்தேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சரி என்றார். சொன்னபடி சொல்லவும் செய்தார். ஒருவன் மேல் ஒருவன் என்று மூன்று அடுக்காகப் படுக்கும் தொட்டில்களைக் காட்டினார். ஒவ்வொரு வாசலிலும் தாண்டிப் போக வேண்டிய உயரமான இரும்புப் படியில் முழங்கால் உடையும் என்றார். ஏணிப்படியில் இறங்க இறங்க வெளிச்சம் குறைந்து, எண்ணெயும் பெயிண்டும் கலந்த வாசம் ஏறிக்கொண்டே வந்தது. எஞ்சின் ஓடும்போது இங்கே நிற்பவன் சட்டையைப் பிழிந்தால் வாளி நிறையும் என்றார். நான் உள்ளுக்குள் கைதட்டினேன்.

பிறகு எஞ்சின் அறைக்குள் நுழைந்தோம். என் திட்டம் அங்கே கவிழ்ந்தது. நம் வீட்டு ஆட்களிடம் ஒரு இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து காட்டி, இதைப் பார்த்துப் பயந்துகொள் என்று எதிர்பார்த்தேனே, அதுதான் நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம். வேறு எந்த ஊர்க்காரனாவது பயந்திருப்பான். கணபதியில் லேத்துச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவனிடம் அது பலிக்குமா? ஆளுயர டர்பைன் கூடுகள், பித்தளை விளிம்பு போட்ட நூற்றுக்கணக்கான மானிகள், சுவரெல்லாம் ஓடுகிற குழாய்கள், அத்தனையும் அடங்கி ஒடுங்கி இருட்டில் உட்கார்ந்திருந்தன. கடைசியில் சுரங்கம் போன்ற ஒரு சந்து. அதன் நடுவே கண்ணுக்கு எட்டுகிற தூரம்வரை படுத்திருந்தது கப்பலைத் தள்ளுகிற ஷாஃப்ட். நாம் முழங்கை நீளத்துக்கு ஷாஃப்ட் கடைகிறவர்கள். அதில் ஒரு முடி அளவு கோணல் விழுந்தால் அன்று சாப்பாடு இறங்காது. இதை யார் கடைந்தார்கள்? எந்த லேத்தில் ஏற்றினார்கள்? இத்தனை நீளத்தை எப்படி நேராக நிறுத்தினார்கள்? உன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாய். ஜுரம் பார்க்கிற மாதிரி வைத்தாய்.

பக்கத்தில் எங்கேயோ சின்னதாக ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கசிகிற தண்ணீரை இறைக்கிற பம்பு என்றும், கப்பலில் இன்னும் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான் என்றும் பாலக்காட்டுக்காரர் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் உன் சட்டைப் பையிலிருந்து அந்த மரக்கைப்பிடி ஸ்குரூ டிரைவர் வெளியே வந்துவிட்டது. முனையைப் பம்பின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டாய். அந்த இருட்டில் உன் முகத்தைப் பார்த்தேன். அண்ணன் அங்கே நின்றுகொண்டிருந்தார் கண்ணு. நான் மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்காதே, இந்தக் கடிதத்தில் நான் மிகைப்படுத்தாத இடம் இது. வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "நல்லா ஓடுதுங்க. யாரோ நல்லாப் பாத்துக்கறாங்க" என்றாய். பாலக்காட்டுக்காரர் பம்பின்மேல் படிந்திருந்த தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். அதைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

நான் சொல்லிவைத்த வேலையை ஞாபகப்படுத்த அவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன், இன்னும் கொஞ்சம் பயமுறுத்துங்கள் என்று. அவர் உன்னிடம்தான் சொன்னார்: "சூடு ஒண்ணுமில்ல மோனே, ரெண்டு வாரத்துல பழகிரும். கடுதாசி வராம இருக்கறதுதான் கஷ்டம். ஊட்டுல எழுதிப் போட்டிருப்பாங்க, அது எங்கயோ யாரு கையிலயோ கெடக்கும். அவங்க எழுதலேன்னு நாம நெனச்சுட்டு உக்காந்திருப்போம்." நீ தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க" என்றாய். பயமுறுத்தச் சொன்னது உன்னை. பயந்தது யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

மேலே ஏறி வரும்போது நீ அவரோடு முன்னால் போய்விட்டாய். நானும் உன் அம்மாவும் கப்பலின் சமையலறையில் நின்றோம். ஆள் உள்ளே இறங்கிக் குளிக்கலாம் போன்ற சோற்று அண்டாக்கள், சுவரோடு பொருத்திய அரிசிப் பெட்டிகள். ஒரு படைக்கே சோறு பொங்கிய இடம். உன் அம்மா ஒவ்வொரு பெட்டியின் மூடியையும் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டேதான் பேசினாள்.

"இதுல ஒளிச்சு வெச்சா ஆருக்கும் அம்புடாதுங்க தம்பி. நம்ம டிரம்மு சின்னது."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். மொத நாள் சோத்துக்கு அரிசி அளக்கையிலேயே என்றாள். ஆழாக்கை அடிவரைக்கும் விட்டதும் பாலித்தீன் சத்தம் கேட்டதாம். எடுத்துப் படித்துவிட்டு, இருந்தபடியே வைத்து மூடியிருக்கிறாள். தினமும் அரிசி குறையக் குறைய, அதை இன்னும் ஆழத்தில் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறாள். இன்னும் இரண்டு வேளைச் சோற்றுக்கு மேல் மறைக்க அரிசி இல்லை என்றாள். கண்டதும் அவனிடம் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன், குற்றவாளி நானாக இருந்துகொண்டு.

"குடுத்திருக்கலாமுங்க. நான் குடுத்தா அவன் போயிருவான். நீங்க குடுத்தாத்தான் தம்பி அவனுக்குத் திரும்பி வாரதுக்கு ஒரு ஊடு இருக்கும்" என்றாள். பிறகு பெட்டியின் மூடியை மெதுவாகச் சாத்திவிட்டு, "வெள்ளிக்கெழமைக்கு இன்னும் மூணு நாளு இருக்குதுங்க" என்று தேதியையும் சொல்லிவிட்டு நடந்தாள்.

அன்று காலையில் கரையிலிருந்து அந்தக் கப்பலைப் பார்த்தபோது இதைவிடப் பெரியது ஒன்று உலகத்தில் இருக்காது என்று நினைத்தேன். மத்தியானத்துக்குள் அந்த எண்ணம் பொய்யாகிவிட்டது. ஒரு வாரமாக, மகன் முகம் வாடிக்கிடப்பதைப் பார்த்துக்கொண்டே, எனக்காக அந்தத் தாளை மறைத்துக் காத்த பொம்பளைக்கு முன்னால் அந்தக் கப்பல் ஒரு கொட்டாங்கச்சி.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் தப்பாகத் தெரியும். வண்டிக்குள் வந்து டிரம்மில் கையை விட்டேன். ஐயோ என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். கிளம்புகிற அவசரத்தில் வந்த தபால், அரிசி கொட்டும்போது கையில் இருந்தது, அப்படியே விழுந்திருக்கிறது, பாரேன் இந்த மறதியை என்று ஒரு நாடகம் ஆடினேன். பாலித்தீன் சுற்றி, இரண்டு ரப்பர் பேண்டு போட்டு எந்தத் தபால் தானாக அரிசிக்குள் விழும் என்று நீ கேட்கவில்லை. நீ அந்தத் தாளை மட்டும்தான் பார்த்தாய். படித்தாய், மறுபடி படித்தாய், வண்டியைவிட்டு இறங்கி ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தாய், திரும்பி வந்து என் காலைத் தொட்டாய். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். உன் கை என் காலில் இருந்தபோது எனக்குத் தைரியம் வரவில்லை. அதன்பின் மெட்ராஸ் ரயிலுக்கு டிக்கெட், உன் அம்மா கட்டிய புளிச்சோறு, பிளாட்பாரத்தில் ஓட்டம் என்று பொழுது போய்விட்டது. ஜன்னல் வழியாக நீ, "சித்தப்பா, நீங்க மறந்தாலும் நல்ல நேரத்துலதான் ஞாபகம் வந்துச்சுங்க" என்று சிரித்தாய். ரயில் போன பிறகு நான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுததை உன் அம்மா இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூடச் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பஸ் ஒரே நேராகத்தான் ஓடியது.

இந்த இரண்டு வருஷத்தில் எத்தனையோ முறை சொல்ல வாய் எடுத்தேன். நீ லீவில் வந்து, அந்த மறதிக் கதையை ஒர்க்ஷாப்பில் சொல்லிச் சிரிக்கும்போது, எல்லாரும் என்னைச் செல்லமாகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது, அதனால் மூடிக்கொண்டேன். ஆனால் உன் அப்பா இடம் வேறு. உன் அப்பா ஒரு பம்பு சரியில்லை என்றால் அதை ஒர்க்ஷாப்பைத் தாண்ட விடமாட்டார். தன் பேர் போட்ட பொருளில் குறையை மறைத்துப் பெயிண்ட் அடித்தவர் இல்லை. அவர் நிற்க வேண்டிய இடத்தில் பெயிண்ட் அடித்த ஆளாகப் போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் சுரண்டிக் காட்டிவிட்டேன். நீ உன் ஸ்குரூ டிரைவரை எடுத்து என்மேல் வைத்துக் கேள். ஓடும் என்றால் நிற்கிறேன். பேரிங் போய்விட்டது என்றால், மண்டபத்தில் பந்தி விசாரிக்கிறேன், அதிலும் எனக்கு ஈடு இந்தச் சீமையில் ஆள் கிடையாது. எதுவானாலும் பொண்ணை அழைத்து வர அந்த வீட்டு வண்டிதான் தாராபுரம் போகும். கிரைண்டருக்கு மாலை போட்டாகிவிட்டது.

உன் பெண்டாட்டிக்கு இதைப் படித்துக் காட்டு. நம் வீட்டில் அரிசி அளப்பவளிடம் எதையும் ஒளிக்க முடியாது என்பதை அவள் முதலிலேயே தெரிந்துகொள்ளட்டும். உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உறைக்குத் தபால்தலை ஒட்டிவிட்டேன், கடிதத்தை மடித்து உள்ளே போடுவதுதான் பாக்கி. போட்டதும் தெருமுனையில் இருக்கிற சிவப்புப் பெட்டிக்கு எடுத்துக்கொண்டு போகப்போகிறேன். உன் அம்மா இப்போதே கேட்டருகில் வந்து நின்றுகொண்டிருக்கிறாள், நான் பெட்டிக்குள் போடுகிறேனா என்று பார்க்க.